கோவைக்கு வரும் கோஷர் விருந்தாளிக்கு என்ன கொடுப்பது?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறோம். நியூயார்க்கிலிருந்து எங்களிடம் சரக்கு வாங்கும் பையர் ஒருவர் வருகிறார். கோவையில் 8 நாள் தங்கல். "நான் கோஷர் உணவு மட்டுமே சாப்பிடுவேன்" என்று எழுதியிருக்கிறார். கோவையில் கோஷர் ஓட்டல் இருக்கிறதா? இல்லையென்றால் நல்ல சைவ ஓட்டலில் சொல்லி வைத்துவிட்டால் போதுமா?

பதில்:

கோஷர் என்பது யூத மதத்தின் உணவு விதிகளுக்கு உட்பட்ட சாப்பாடு. கோவையில் கோஷர் ஓட்டல் கிடையாது, கோஷர் கடையும் கிடையாது. சைவ ஓட்டல் போதுமா என்றால், கோஷரைக் கறாராகக் கடைப்பிடிப்பவருக்குப் போதாது. ஆனாலும் 8 நாளும் அவரைப் பசிக்காமல் வைத்திருக்க முடியும். அதற்கு ஓட்டல் தேடி அலைவதைவிடப் பாத்திரக் கடைக்கு ஒருமுறை போய்வருவது அதிகம் உதவும். ஏன் என்று சொல்கிறேன்.

நான் மசாலாப் பொருட்களிலிருந்து சாறு எடுக்கும் ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்தவன். எங்கள் மிளகுச் சாறும் மஞ்சள் சாறும் அமெரிக்காவுக்குப் போகும். வாங்குகிற கம்பெனிகள் கோஷர் சான்று கேட்பார்கள். அதனால் வருடத்துக்கு ஒருமுறையாவது ஒரு ராபி, அதாவது யூத மதகுரு, ஆய்வுக்கு வருவார். கொதிகலன், குழாய், கிடங்கு என்று எல்லாவற்றையும் பார்ப்பார். அவருக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்யும் பொறுப்பு எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. முதல் தடவை நானும் நீங்கள் நினைத்ததைத்தான் செய்தேன். ஊரில் பேர் பெற்ற சைவ ஓட்டல், தலைவாழை இலை, பதினைந்து வகைப் பதார்த்தம். அவர் சிரித்த முகத்தோடு உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்துச் சாப்பிட்டார். பரிமாற வந்த பையன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. அன்றைக்கு அவர் சாப்பிட்டது மொத்தமே நாலு பழமும் இரண்டு இளநீரும்தான்.

ஆகவே முதல் வேலை, அவரிடமே கேட்பது. கோஷர் என்ற ஒரே சொல்லுக்குள் பல படிகள் உண்டு. பன்றியும் இறாலும் மட்டும் விலக்கி, சைவ ஓட்டலில் நிம்மதியாகச் சாப்பிடுகிற யூதர்கள் இருக்கிறார்கள். பச்சைக் காய்கறி, பழம், கறுப்புக் காப்பி வரை வெளியில் ஏற்றுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சான்று முத்திரை இல்லாத பொட்டலத்தைத் தொடவே மாட்டேன் என்பவர்களும் உண்டு. உங்கள் பையர் எந்தப் படி என்று தெரியாமல் நீங்கள் என்ன ஏற்பாடு செய்தாலும் குருட்டாம்போக்குதான். கேட்பதில் தப்பில்லை, அவர்களுக்கு இது பழகிப்போன கேள்வி. வெளி ஓட்டலில் எதையாவது சாப்பிடுவீர்களா, புதுப் பாத்திரம் வாங்கித் தந்தால் நீங்களே சமைத்துக்கொள்வீர்களா, அடுப்பை நீங்கள் பற்றவைத்தால் எங்கள் ஆள் சமைத்தது ஆகுமா, பால் எப்படி, சனிக்கிழமை எங்கே இருக்க விரும்புகிறீர்கள். இந்த ஐந்தையும் எழுதி அனுப்புங்கள். பதில் வந்ததுமே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கீழே நான் சொல்வதெல்லாம் கறாரான படியில் இருப்பவரை மனதில் வைத்துத்தான்.

இறைச்சியை முதலிலேயே மறந்துவிடலாம். அசைபோடுவதும் குளம்பு பிளந்திருப்பதும் சேர்ந்திருக்கிற விலங்குதான் ஆகும். அதையும் பயிற்சி பெற்ற யூதர் ஒருவர் முறைப்படி அறுத்து, நுரையீரல் பார்த்து, விலக்க வேண்டிய கொழுப்பையும் நரம்பையும் நீக்கி, உப்பிட்டு இரத்தத்தை வெளியேற்ற வேண்டும். கோவையில் அதற்கு வழியில்லை. "ஹலால் கடையில் வாங்கிக் கொடுத்துவிடலாமே" என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். இரண்டுக்கும் ஒற்றுமை உண்டு என்றாலும் அது வேறு, இது வேறு. ஹலால் இறைச்சி அவருக்குக் கோஷர் ஆகாது. இறைச்சியே இல்லை என்றானதும் பாலையும் இறைச்சியையும் சேர்க்கக்கூடாது என்ற பெரிய விதி, அதற்காக இரண்டு செட் பாத்திரம் என்ற தலைவலி, எல்லாம் உங்கள் பக்கம் வராமலே போய்விடும். அந்த வகையில் நல்லதுதான்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். அசைவமே படாத ஓட்டலில் அவருக்கு என்னதான் குறை?

நம் பாட்டிமார் காலத்து மடிச் சமையலையும் பத்துப் பார்ப்பதையும் நினைத்துக்கொண்டால் பாதி புரியும். யூத விதிப்படி சூடான பாத்திரம் தன்னில் வெந்த பொருளின் சுவையை உள்ளே இழுத்துக்கொள்கிறது, அடுத்து வேகிற பொருளுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கிறது. எனவே இன்றைக்கு அதில் என்ன வேகிறது என்பதோடு, இதுவரை என்ன வெந்தது என்பதும் கணக்கு. சைவ ஓட்டலின் வாணலியில் எந்த ஆலையில் சுத்திகரித்த எண்ணெய் காய்ந்தது, எந்தச் சீஸ் உருகியது, பூச்சி பார்க்காத காலிஃபிளவர் எத்தனை கிலோ பொரிந்தது என்று அவருக்குத் தெரியாது. சீஸை உறையவைக்கும் நொதி கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். தாவர நொதியாகவே இருந்தாலும் சீஸுக்கு யூத மேற்பார்வை வேண்டும் என்று தனி விதி இருக்கிறது. திராட்சைக்கும் அப்படித்தான். பழமாகச் சாப்பிடலாம். சாறாகவோ ஒயினாகவோ ஆகிவிட்டால் ஆரம்பம் முதல் யூதர் கையிலேயே இருந்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. பச்சையாகச் சாப்பிட முடியாத, பெரிய மனிதர் விருந்தில் வைக்கத் தகுந்த பண்டம் எதுவானாலும், அதை யூதரல்லாதவர் மட்டுமே சமைத்திருந்தால் அவர் சாப்பிடக் கூடாது. சோறு, முட்டை, மீன் எல்லாம் இதில் அடங்கும். யார் கை சமைத்தது என்று பார்க்கிற வழக்கத்தின் கசப்பான பக்கத்தை நாம் நன்றாகவே அறிவோம், அதனால் முதலில் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. ராபியிடம் நேராகவே கேட்டேன். சமைப்பவரிடம் அசுத்தம் என்ற எண்ணமே இதில் இல்லை என்றார். கூடி உண்பது பழக்கமாகி, பழக்கம் சம்பந்தம் வரை போய்விடக் கூடாது என்று பழங்கால ராபிகள் போட்ட வேலியாம். ஏற்பது ஏற்காதது வேறு விஷயம். விருந்தாளியின் விதி அது, அவ்வளவுதான்.

ஆனால் இந்த விதிக்குள்ளேயே நமக்கு ஒரு நல்ல வாசல் இருக்கிறது. ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசி யூதர்களின் வழக்கப்படி, அடுப்பை ஒரு யூதர் பற்றவைத்துவிட்டால் போதும், மீதிச் சமையலை யார் செய்தாலும் சரி. ஸ்பெயின், மத்தியக் கிழக்கு வழி வந்த செஃபார்டி யூதர்கள் பாத்திரத்தையும் தாங்களே அடுப்பில் ஏற்ற வேண்டும் என்பார்கள். எங்கள் விருந்தினர் இல்லத்தில் சமைத்த அக்கா இதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். அரிசியைக் களைந்து, காயை நறுக்கி, எல்லாம் தயார் பண்ணிவிட்டு மாடிப்படியடியில் நின்று "சார், அடுப்பப் பத்த வெச்சுட்டுப் போங்க" என்று குரல் கொடுப்பார். ராபி இறங்கி வந்து லைட்டரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து கணினியில் வேலை பார்ப்பார். நடுவில் சிலிண்டர் தீர்ந்து ஒருநாள் அணைந்துவிட்டது. மறுபடியும் அவரே வந்து பற்றவைத்தார். தமிழ் தெரியாத அவருக்கும் ஆங்கிலம் தெரியாத அந்த அக்காவுக்கும் இப்படியே ஒரு நட்பு உண்டாகிவிட்டது.

சரி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம். ஓட்டல் அறைக்குப் பதிலாகச் சமையலறை உள்ள சர்வீஸ் அபார்ட்மென்ட் ஒன்றைப் பிடியுங்கள். ஓட்டல் அறையில் அடுப்பு வைக்க விடமாட்டார்கள். டவுன்ஹால் பக்கம் ஏதாவது ஒரு பாத்திரக் கடைக்குப் போய் எவர்சில்வர் பாத்திரம் இரண்டு, ஒரு சின்னக் குக்கர், ஒரு வாணலி, கரண்டிகள், வடிதட்டு, காய் நறுக்கும் பலகை, கத்தி, தட்டு, டம்ளர் எல்லாம் புதிதாக வாங்குங்கள். ஒரு இண்டக்ஷன் அடுப்பும் சேர்த்து வாங்கிவிட்டால் வீட்டு அடுப்பில் முன்னால் என்ன வழிந்தது என்ற பேச்சே எழாது. அபார்ட்மென்ட்டில் இருக்கும் எவர்சில்வர் பாத்திரத்தையே ஒரு முழுநாள் பயன்படுத்தாமல் வைத்திருந்து, கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுத்துக் கோஷராக்கும் முறையும் உண்டு. மண்சட்டிக்கு அது செல்லாது, நான்ஸ்டிக்குக்கு ஆளுக்கு ஒரு கருத்து. அந்த வம்பெல்லாம் எதற்கு? புதுசு வாங்கினால் ஒரு ஓட்டல் விருந்துச் செலவுக்குள் முடிந்துவிடும்.

கத்தியைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வெங்காயம், பூண்டு, இஞ்சி, எலுமிச்சை மாதிரிக் காரமான பொருளைக் கோஷர் அல்லாத கத்தியால் நறுக்கினால், சூடே இல்லாவிட்டாலும் கத்தியில் ஊறியது அதில் ஏறிவிடும் என்று கணக்கு. வெட்டிவைத்த சாலட்டை அவர் தட்டுவதற்கும் பழக்கடையில் நறுக்கிய துண்டுகளை ஒதுக்குவதற்கும் பல சமயம் இதுதான் காரணம்.

பாத்திரத்தை யார் பெயரில் வாங்குவது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. யூதர் ஒருவர் உலோகப் பாத்திரத்தையோ கண்ணாடிப் பாத்திரத்தையோ யூதரல்லாதவரிடமிருந்து வாங்கிச் சொந்தமாக்கினால், பயன்படுத்தும் முன் அதை இயற்கை நீரில் முழுதாக முக்கி எடுக்க வேண்டும். அதற்கென்று கட்டிய குளமோ, கடலோ, ஊற்றோ வேண்டும். நொய்யலின் இன்றைய நிலையில் அந்த யோசனையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் பாத்திரம் உங்களுடையதாகவே இருந்து, அவர் இரவல் வாங்கிப் பயன்படுத்தினால் முக்க வேண்டியதில்லை. ஆகவே பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள். "இது எங்கள் பாத்திரம், நீங்கள் இருக்கும்வரை வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். அவர் புரிந்துகொண்டு புன்னகைப்பார்.

வாங்கினால் மட்டும் போதாது, காப்பாற்றவும் வேண்டும். இரண்டாவது முறை வந்த ராபிக்கு எல்லாவற்றையும் புதிதாக அடுக்கி வைத்திருந்தோம். அவர் ஆலைக்கு வந்திருந்த நேரத்தில் காவலாளி, நல்ல மனதோடுதான், அந்தப் புதுப் பாத்திரத்தில் பால் காய்ச்சி எல்லோருக்கும் டீ போட்டுவிட்டார். அத்தோடு அந்தப் பாத்திரம் போயிற்று. ராபி ஒன்றும் கோபப்படவில்லை. ஆனால் அன்றிரவு ரொட்டித் துண்டும் டின் மீனும்தான். அதற்குப் பிறகு அலமாரிக்குப் பூட்டு, சாவி அவரிடம். தேய்க்கும் நார், சோப்பு, கழுவும் வாளி எல்லாம் தனி. வேலைக்கு வருபவர் மற்றப் பத்துப் பாத்திரத்தோடு சேர்த்துத் துலக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தையில் வாங்குவதைப் பொறுத்தவரை அவர் கோவை மாதிரி ஊருக்கு வருவது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். அரிசி, பருப்பு, கடலை, பயறு, உப்பு, சர்க்கரை, முழு மிளகு, சீரகம், மல்லி இதற்கெல்லாம் முத்திரை தேவையில்லை. அரைத்த மசாலாப் பொடியைவிட முழுசாக வாங்கி இடிப்பது நல்லது. அரிசியிலும் பருப்பிலும் வண்டு பார்க்க வேண்டும், மாவையும் ரவையையும் சலிக்க வேண்டும். நம் வீடுகளில் முறத்தில் புடைத்ததுதான், நமக்குப் புதிதல்ல. ஆனால் பூச்சி அவர்களுக்கு அருவருப்பு மட்டும் அல்ல, வேதத்தில் நேரடியாக விலக்கியது. கண்ணுக்குத் தெரியும் அளவில் ஒன்று இருந்தாலும் ஆகாது. அதனால் கீரை, கொத்துமல்லி, காலிஃபிளவர், முட்டைகோஸ் எல்லாம் தள்ளிவைக்கத்தான் வேண்டும். இலை இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க யாருக்கு நேரம்? அத்திப்பழமும் வேண்டாம். உருளை, கேரட், பூசணி, சுரை, வெள்ளரி, தக்காளி தொல்லை தராதவை. வாழையில்தான் எத்தனை வகை இங்கே: பூவன், நேந்திரன், செவ்வாழை, கற்பூரவல்லி. நியூயார்க்கில் ஒரே வாழையைப் பார்த்துச் சலித்தவருக்குத் தினம் ஒரு சீப்பு வேறு வேறாகக் கொடுங்கள்.

எண்ணெய் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. சுத்திகரித்த எண்ணெய் ஓடும் அதே ஆலைக்குழாயில் வேறு கொழுப்பும் ஓடியிருக்கலாம் என்பதால் முத்திரை கேட்பார்கள். அவரையே ஒரு சின்ன பாட்டில் கொண்டுவரச் சொல்லிவிடுவது உத்தமம். எங்களுக்கு வந்த ஒருவர், எள் மட்டுமே ஆட்டுகிற செக்கைத் தானே நேரில் போய்ப் பார்த்துவிட்டு அங்கே வாங்கிக்கொண்டார். இன்னொருவர் அதையும் வேண்டாம் என்றார். இந்த மாதிரி இடத்தில் "இதுவும் கோஷர்தான்" என்று நாமாகத் தீர்ப்புச் சொல்லவே கூடாது. உள்ளே என்ன இருக்கிறது, எங்கே செய்தது என்பதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். முடிவு அவருடையது.

முட்டை வாங்கலாம், உடைத்து இரத்தப்புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துவார். மீனில் செதிலும் துடுப்பும் இரண்டும் இருக்க வேண்டும். ரோகு, கட்லா, ஜிலேபி மாதிரிச் செதில் தெளிவாகத் தெரிகிற மீனை முழுசாக, தோலோடு வாங்கினால் அவர் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார். துண்டு போட்டுத் தோலுரித்த மீன் உதவாது. கெளுத்தி, வாளை, சுறா, இறால், நண்டு, கணவாய் எதுவும் ஆகாது.

இவ்வளவு கையில் இருந்தால் நெய்யில்லாத பொங்கல், எலுமிச்சைச் சாதம், தக்காளிச் சாதம், சுண்டல், ரவை உப்புமா, உருளைக்கிழங்கு மசியல் என்று ஒரு வாரம் ஓட்டிவிடலாம். காரத்தைக் குறையுங்கள். வாழையிலையை மறக்கவேண்டாம், இதற்கு அது வரப்பிரசாதம். முன்னால் யாரும் சாப்பிடாத தட்டு, சாப்பிட்டதும் எறிந்துவிடலாம். ஒரு ராபி இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பூச்சி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இதைவிட நல்ல தட்டைத் தான் கண்டதில்லை என்றார். இட்லிதான் எங்களுக்கு மனக்குறை. கடை மாவை அவர்கள் ஏற்கவில்லை. அரைக்கப் புதுக் கிரைண்டர் வேண்டும். கிரைண்டருக்குப் பேர் போன ஊரில் இருந்துகொண்டு விருந்தாளிக்கு ஒரு இட்லி போட முடியவில்லை.

பால், தயிர், பனீர் விஷயத்தில் உங்கள் பையர் சொல்வதைக் கேட்டு நடங்கள். கறந்த இடத்திலிருந்து யூதர் மேற்பார்வை வேண்டும் என்பவர்கள் உண்டு. அரசுக் கண்காணிப்பு இருக்கிற நாட்டில் அதுவே போதும் என்று அமெரிக்காவில் ராபி மோஷே ஃபைன்ஸ்டைன் கொடுத்த தீர்ப்பைப் பின்பற்றுகிறவர்களும் உண்டு. அந்தத் தீர்ப்பு இந்தியாவுக்கும் பொருந்துமா என்பது அவரும் அவருடைய ராபியும் பேசிக்கொள்ள வேண்டியது. பாலில்லாமல் காப்பி போட்டுக் காகிதக் கோப்பையில் கொடுங்கள், பெரும்பாலும் குடிப்பார்.

பொட்டல உணவைப் பற்றி நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நம் ஊர்ப் பச்சைப் புள்ளி, உள்ளே அசைவப் பொருள் இல்லை என்று தயாரிப்பாளர் சட்டப்படி சொல்வது, அவ்வளவுதான். கோஷருக்கு முத்திரை வேறு. வட்டத்துக்குள் ஆங்கில 'யு' எழுத்து இருந்தால் அது அமெரிக்காவின் ஆர்த்தடாக்ஸ் யூனியன் கொடுப்பது, உலகெங்கும் அதிகம் காணப்படுவது அதுதான். வட்டத்துக்குள் 'கே', நட்சத்திரத்துக்குள் 'கே' என்று வேறு சில நிறுவனங்களும் உண்டு. பக்கத்தில் 'டி' என்றிருந்தால் பால் சேர்ந்தது. 'பி' என்றிருந்தால் யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கும் ஆகும் என்று பொருள். வெறும் 'கே' எழுத்து மட்டும் இருந்தால் நம்ப வேண்டாம். ஒற்றை எழுத்துக்கு வணிகமுத்திரை உரிமை கிடையாது, யாரும் அச்சடித்துக்கொள்ளலாம்.

சான்று பிராண்டுக்குக் கிடைப்பதில்லை, ஆலைக்கும் அங்கே தயாராகும் பொருளுக்கும் கிடைப்பது. அமெரிக்காவில் ஓரியோ பிஸ்கட் 1997-இல்தான் கோஷர் ஆனது. அதற்கு முன்னால் அதன் க்ரீமில் பன்றிக்கொழுப்பு இருந்த காலமும் உண்டு. அந்தச் சான்று இங்கே பேக்கரி அலமாரியில் இருக்கும் பொட்டலத்துக்குப் பேசாது. கையில் இருக்கும் உறையில் முத்திரை இருக்கிறதா, அது ஒன்றுதான் கேள்வி. உறையில் எழுதாத பொருளும் உள்ளே இருக்கலாம் என்பதற்குக் கொக்கோகோலா கதையைச் சொல்வார்கள். அட்லாண்டாவில் இருந்த ராபி டோபியாஸ் கெஃபென், ரகசியமாக வைத்திருந்த சேர்மானப் பட்டியலைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதில் மாட்டுக்கொழுப்பிலிருந்து எடுத்த கிளிசரின் இருந்தது. தாவரக் கிளிசரினுக்கு மாற்றிய பிறகு 1935-இல் அனுமதித்துத் தீர்ப்பு எழுதினார்.

இதில் எனக்கு எப்போதும் சிரிப்பூட்டும் விஷயம் ஒன்று. எங்கள் ஆலைக்குக் கோஷர் சான்று இருந்தது. முந்திரி, தேங்காய்ப்பொருள், உடனடிக் காப்பித்தூள் என்று தென்னிந்தியாவில் எத்தனையோ ஆலைகளுக்கு இருக்கிறது. எல்லாம் பீப்பாயிலும் பெட்டியிலும் ஏறிக் கப்பலுக்குப் போய்விடும். உள்ளூர்க் கடையில் விற்கும் பொட்டலத்தில் அந்த முத்திரையைத் தேடினால் அபூர்வமாகத்தான் கிடைக்கும். ராபி பசியோடு நின்ற இடம், டன் கணக்கில் கோஷர் பொருள் தயாராகிற இடம்! உங்களுக்கு ஏற்றுமதிக்காரர்கள் பழக்கம் இருந்தால் விசாரியுங்கள், சான்றுக் கடிதத்தோடு ஒரு பெட்டி முந்திரி கிடைத்தாலும் லாபம்தான். கடிதத்தில் பொருளின் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும், அவர் பார்க்கக் கேட்பார்.

"கொச்சி பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே யூதர்கள் உண்டே" என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய தொழுகைக்கூடம் இருக்கிறது, பார்க்க அழகானது. ஆனால் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950களிலேயே இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். யூதத் தெருவில் இன்று இருப்பவை பழம்பொருள் கடையும் மசாலாக் கடையும்தான். கோஷர் சாப்பாட்டை நம்பி அங்கே அனுப்பாதீர்கள். உண்மையில் கைகொடுக்கும் இடங்கள் தூரத்தில் இருக்கின்றன. மும்பையில் கொலாபா பகுதியிலும் பெங்களூரிலும் கபாத் என்ற யூத மத இயக்கத்தின் இல்லங்கள் உண்டு. 2008 நவம்பர் தாக்குதலில் பாதிக்கப்பட்ட நரிமன் ஹவுஸ் அந்த மும்பை இல்லம்தான். முன்கூட்டியே எழுதிக் கேட்டால் பயணிகளுக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்வார்கள். சிங்கப்பூர் வழியாக வந்தால் வாட்டர்லூ தெருவில் 1878-இல் கட்டிய மாகெய்ன் அபோத் தொழுகைக்கூடத்தின் வளாகத்தில் கோஷர் உணவும் மளிகையும் கிடைக்கும், அங்கிருந்து கோவைக்கு நேர் விமானம். விமானத்தில் கோஷர் சாப்பாட்டை முன்பே பதிவு செய்யச் சொல்லுங்கள், கடைசி நாளில் கேட்டால் தரமாட்டார்கள். அமெரிக்காவில் அடுப்பே இல்லாமல் சூடாகிற, அறைவெப்பத்தில் கெடாத கோஷர் பொட்டலச் சாப்பாடு விற்கிறார்கள். ஐந்தாறு கொண்டுவந்தால் அவசரத்துக்கு உதவும். சுங்கத்தில் பேச்சு வராமல் இருக்க இறைச்சி இல்லாத வகையாக எடுத்துவரச் சொல்லுங்கள்.

சனிக்கிழமையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் கவலைப்படாமல் விட்டிருப்பது இதைத்தான். வெள்ளி சூரியன் மறைவதற்குச் சற்று முன்பிலிருந்து சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை, ஏறக்குறைய 25 மணி நேரம் ஷபாத், அவர்களுடைய வாராந்திர ஓய்வுநாள். சமைக்க மாட்டார், அடுப்போ விளக்கோ தொட மாட்டார், காரில் ஏற மாட்டார், போன் எடுக்க மாட்டார், பணம் கொடுக்க மாட்டார். வீட்டுக்கு வெளியே தெருவில் ஒரு சாவியைக்கூடச் சட்டைப்பையில் எடுத்துப்போகத் தயங்குவார். அட்டையைத் தேய்த்துத் திறக்கிற கதவும், ஆள் அசைந்தால் எரிகிற விளக்கும் அவருக்குச் சிக்கல். லிஃப்ட் பட்டனை அழுத்த மாட்டார் என்பதால் தரைத்தளமோ முதல் மாடியோ பாருங்கள். வெள்ளி மதியத்துக்குள் சமையல் முடிந்துவிட வேண்டும். நல்ல ஃபிளாஸ்க் இரண்டில் வெந்நீர் நிரப்பி வைக்கச் சொல்லுங்கள். ஷபாத் விருந்துக்கு இரண்டு முழு ரொட்டியும் ஒயினோ திராட்சைச் சாறோ வேண்டும். இங்கே எதுவும் கோஷராகக் கிடைக்காது. ஒயின் இல்லையென்றால் ரொட்டியை வைத்தே ஆசி சொல்லலாம், ரொட்டிக்குப் பதில் அவர்களுடைய மாட்சா என்ற புளிக்காத ரொட்டி ஆகும். அது அப்பளம் மாதிரித் தட்டையானது, கெடாது, பெட்டியில் கொண்டுவருவார். வெள்ளி மாலை நாலு மணிக்குத் திருப்பூர் ஆலையில் கூட்டம் வைத்துவிட்டு அவிநாசி ரோட்டு நெரிசலில் அவரை மாட்டிவைத்துவிடாதீர்கள். என்னைக் கேட்டால், பயணத்திட்டத்தையே மாற்றி வெள்ளி காலையிலேயே அவரைப் பெங்களூருக்கோ மும்பைக்கோ அனுப்பி, ஞாயிறு திரும்ப அழைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. அவருக்கு ஒரு நாளாவது சூடான சோறும் தன் ஆட்களின் பேச்சும் கிடைக்கும்.

தேதியையும் ஒருமுறை பாருங்கள். மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வருகிற பஸ்கா வாரத்தில் கோதுமை ரொட்டி மொத்தமாக விலக்கு, அஷ்கெனாசி வழக்கத்தில் அரிசியும் பருப்பும்கூடக் கிடையாது. நான் மேலே எழுதிய சமையல் முழுக்கப் பயனற்றதாகிவிடும். செப்டம்பர், அக்டோபரில் அவர்களுக்குப் பண்டிகைகள் அடுத்தடுத்து வரும். இந்த நாட்களில் அவரே பயணம் வைக்கமாட்டார். நீங்கள் தேதி தள்ளிப்போடும்போது தெரியாமல் அதில் கொண்டுபோய் வைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கடைசியாக, உங்கள் முதலாளி எப்படியும் ஒரு விருந்து வைக்காமல் விடமாட்டார். வைக்கட்டும். பையரும் வருவார், உட்கார்ந்து பேசுவார். அவர் முன்னால் முழுப்பழங்கள் ஒரு தட்டு, நீங்கள் வாங்கிய புதுக் கத்தி ஒன்று, மூடி திறக்காத தண்ணீர் பாட்டில், கண்ணெதிரே சீவிய இளநீர், இவ்வளவு போதும். வீட்டிலிருந்து அவர் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தால் அதைப் பிரித்து ஓட்டல் தட்டில் மாற்றிச் சூடாக்கித் தருகிறேன் என்று யாரும் கிளம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "ஒரு வாய் மட்டும் ருசி பாருங்க" என்று இலையில் வைத்து வற்புறுத்துவதுதான் நம் ஆட்களால் அடக்க முடியாதது. முதலாளியிடம் அதை முந்தின நாளே சொல்லிவையுங்கள்.